ஃபிஃப்த் வீல் வண்டிக்குள் சாக்கடை நாற்றம்: தொட்டிக்கு மருந்து ஊற்றியும் தீரவில்லை

பாலைவெயில் (ஃபீனிக்ஸ், அரிசோனா)

அனைவருக்கும் வணக்கம். ஃபீனிக்ஸில் வசிக்கும் நாங்கள் சென்ற குளிர்காலத்தில் ஒரு பழைய ஃபிஃப்த் வீல் வண்டியை, அதாவது பிக்கப் டிரக்கின் பின்தட்டில் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டியை, வாங்கினோம். குளிர் இருந்தவரை எந்தத் தொல்லையும் தெரியவில்லை. மே மாதம் வெயில் ஏறத் தொடங்கியதிலிருந்து வண்டிக்குள் சாக்கடை நாற்றம் வீசுகிறது. பிற்பகலில் அது மிகுதியாக இருக்கிறது. கூரை விசிறியைப் போட்டால் குறையும் என்று பார்த்தால், போட்ட சிறிது நேரத்தில் இன்னும் மோசமாகிறது. ஃபிளாக்ஸ்டாஃப் மலைப்பாதையில் ஏறி, மேலே போய் வண்டியின் கதவைத் திறந்தால் உள்ளே நிற்கவே முடிவதில்லை. கழிப்பறைப் பக்கம் நாற்றம் இருப்பதாவது புரிகிறது. முன்பக்கத்துப் படுக்கையறையிலும் அதே அளவுக்கு வீசுவதுதான் எனக்கு விளங்கவில்லை. வண்டியின் அடியில் கழிவு சேரும் கழிப்பறைத் தொட்டிக்கான மருந்தைப் புட்டியில் போட்டிருந்த அளவைப்போல் இருமடங்கு ஊற்றியும் மாற்றமில்லை. இதைவிடக் கடுமையான மருந்து எது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஏரிக்கரை (மிச்சிகன்)

நொதியும் பாக்டீரியாவும் கலந்த மருந்துகளே எங்களுக்கு நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் மருந்தைவிடத் தண்ணீர் முக்கியம். தொட்டியைக் காலி செய்தவுடன் அடிப்பகுதி மூழ்கும் அளவுக்கு, அதாவது நான்கைந்து கேலனாவது, நல்ல தண்ணீர் விட்டுவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள்.

குழாய்த்தச்சர் (டெக்சஸ்)

பாலைவெயில் அவர்களுக்கு, கடுமையான மருந்தைத் தேடுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். தொட்டிக்குள் நாற்றம் இருப்பது இயல்பு. எவ்வளவு சுத்தமான குடும்பமானாலும் இருக்கத்தான் செய்யும். அது கூரைக்கு மேலே போகாமல் வண்டிக்குள் ஏன் வருகிறது என்பதுதான் உங்கள் சிக்கல். தொட்டியிலிருந்து ஒரு காற்றுக்குழாய் சுவருக்குள்ளாக ஏறிக் கூரையில் திறக்கிறது. அது வண்டியின் புகைபோக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வழி சரியாக இருந்து, உள்ளே வரும் மற்ற வழிகளெல்லாம் அடைபட்டிருந்தால், ஒரு சொட்டு மருந்தும் ஊற்றாமலே வண்டிக்குள் நாற்றமின்றி வாழலாம். வழிகள் திறந்திருந்தால் எந்த மருந்தும் பயன்படாது.

அதற்கும் முன்னால், இது சாக்கடை நாற்றம்தானா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். அழுகிய முட்டை போன்ற நாற்றத்துக்கு இந்த வண்டிகளில் வேறு இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டும் ஆபத்தானவை. முதலாவது புரொப்பேன் கசிவு. அந்த வாயுவுக்கு இயல்பாக மணம் கிடையாது என்பதால், கசிந்தால் தெரியவேண்டும் என்று எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். அப்படி ஐயம் வந்தால் எந்த விளக்கின் பொத்தானையும் தொடாமல் எல்லோரும் வெளியேறி, உருளையின் வால்வை மூடிவிட வேண்டும். இரண்டாவது, அளவுக்கு மீறி மின்னேற்றம் பெறும் ஈய அமில மின்கலம். அது சூடேறி, முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை வெளிவிடும்போது தரையோரம் பொருத்தியிருக்கும் எரிவாயு எச்சரிக்கைக் கருவி கத்தும்; பலர் அது பழுதென்று நினைத்து அதன் ஒயரைக் கழற்றிவிடுகிறார்கள். அருள்கூர்ந்து அதை மட்டும் செய்யாதீர்கள். மின்கலப் பெட்டியின் மேல் கையைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். அனல் அடித்தால் மின்னேற்றியை நிறுத்திவிட்டு விலகி நில்லுங்கள்.

இவை இரண்டும் இல்லையென்றால், இந்த நான்கையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். கழிப்பறைக் கிண்ணத்தில் தண்ணீர் நிற்கிறதா? கழுவுதொட்டிகளுக்கும் குளியலுக்கும் கீழே உள்ள பி-ட்ராப்களில், அதாவது வாயு மேலே வராதபடி தண்ணீர் தேங்கி நிற்கும் வளைந்த குழாய்களில், தண்ணீர் இருக்கிறதா? சமையலறைக் கழுவுதொட்டியின் அலமாரிக்குள் குழாய் உச்சியில் கறுப்பு மூடி போல ஒன்று இருக்கும். அது எந்த நிலையில் இருக்கிறது? கூரையில் உள்ள குழாய் மூடிகள் உடையாமல் இருக்கின்றனவா?

பாலைவெயில்

ஐயா, விரிவான பதிலுக்கு மிக்க நன்றி. மின்கலம் குளிர்ந்தே இருக்கிறது. எரிவாயு உருளைகளை மூடி வைத்திருந்த வாரத்திலும் நாற்றம் இருந்ததால், அதுவும் இல்லை என்று தெரிகிறது. கழிப்பறைக் கிண்ணத்தில் இரவு தண்ணீர் விட்டு வைத்தேன். காலையில் வெறுமையாக இருந்தது. அலமாரிக்குள் நீங்கள் சொன்ன கறுப்பு மூடியைக் கண்டேன். அது எதற்காக அங்கே இருக்கிறது என்று தெரியாததால் தொடவில்லை. கூரைக்கு இன்னும் ஏறவில்லை. இப்போது அதன்மேல் கை வைக்க முடியாது.

குழாய்த்தச்சர்

கிண்ணத்தில் தண்ணீர் நிற்கவில்லை என்பதே உங்கள் கூரை விசிறிப் புதிருக்குப் பாதி விடை. இந்த வண்டிகளின் கழிப்பறையில் வீட்டில் இருப்பதுபோல் வளைந்த ட்ராப் கிடையாது. மிதியை அழுத்தினால் திறக்கும் ஒரு பந்தோ தகடோ, அதைச் சுற்றிய ஒரு ரப்பர் வளையம், அதன்மேல் நிற்கும் கொஞ்சம் தண்ணீர் ஆகியவை மட்டுமே உங்களுக்கும் தொட்டிக்கும் நடுவே இருக்கின்றன. தண்ணீர் வடிந்துவிட்டால் நீங்கள் தொட்டியின் மேல் உட்கார்ந்திருப்பதாகவே பொருள். இப்போது விசிறிக்கு வருவோம். நல்ல கூரை விசிறி நிமிடத்துக்கு 900 கன அடி அளவுக்குக் காற்றை வெளியே தள்ளும். அவ்வளவு காற்று வெளியே போனால் அதே அளவு எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். சன்னல்களை மூடி வைத்திருந்தால், அது கூரைக் குழாயின் வழியாக இறங்கித் தொட்டிக்குள் புகுந்து, கிண்ணத்தின் வழியாக உங்கள் மூக்குக்கு வரும். ஆகவே விசிறி ஓடும்போது படுக்கையறைச் சன்னல் ஒன்று திறந்திருக்கட்டும். கழிப்பறையில் நீர் இறக்கும் அந்த நொடிகளில் விசிறி நிற்கட்டும்.

வளையத்தை மாற்றுவதற்கு முன், அதன் விளிம்பில் காகிதத் துணுக்கோ சுண்ணாம்புப் படிவோ ஒட்டியிருக்கிறதா என்று கையுறை போட்டுக்கொண்டு துடைத்துப் பாருங்கள். அரிசோனாத் தண்ணீர் கடினமானது என்பதால், பெரும்பாலும் அந்தப் படிவுதான் கசிவுக்குக் காரணமாக இருக்கும். ரப்பர் விறைத்துப்போயிருந்தால் அந்த மாதிரிக்கு உரிய வளையத்தை வாங்கி மாற்றுவது கடினமான வேலையன்று. பூசுவதற்கு வாசலின் வேண்டாம். பெட்ரோலியப் பொருள் ரப்பரை ஊதச் செய்துவிடும். குழாய் வேலைக்காரர்கள் பயன்படுத்தும் சிலிக்கோன் கிரீஸ் போதும்.

அந்தக் கறுப்பு மூடி ஒரு காற்று வால்வு. கழுவுதொட்டியின் தண்ணீர் வேகமாக இறங்கும்போது குழாயில் வெற்றிடம் உண்டாகி ட்ராப்பில் உள்ள நீரை உறிஞ்சிவிடாமல் இருக்க, அது காற்றை உள்ளே விடும், வெளியே விடக்கூடாது. மலிவான வகையில் சிறிய சுருள்வில்லும் ரப்பர் தட்டும் இருக்கும். வெயிலில் அந்த ரப்பர் காய்ந்து திறந்தபடியே நின்றுவிடும். அப்போது தொட்டிக்கும் உங்கள் சமையலறைக்கும் நேரடி வழி ஏற்பட்டுவிடும். கையால் திருகிக் கழற்றலாம். சுருள்வில் இல்லாமல் தன் எடையிலேயே மூடிக்கொள்ளும் ஸ்டூடர் வகையை வாங்கிப் போட்டால் நீண்ட காலம் உழைக்கும்; ஆனால் அது உயரம் கூடியது என்பதால் அலமாரியில் இடமிருக்கிறதா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.

நெடுவழி (கலிஃபோர்னியா)

தண்ணீர், மின்சாரம், சாக்கடை என எல்லா ஹூக்-அப்பும் (இணைப்பும்) உள்ள முகாம்களில் நாங்கள் பிளாக் டேங்க் (கழிப்பறைக் கழிவுத் தொட்டி), கிரே டேங்க் (குளியல், கழுவுதொட்டி நீர் சேரும் தொட்டி) இரண்டின் வால்வையும் திறந்தே விட்டுவிடுவோம். சேர்ந்தால்தானே நாறும்? உடனுக்குடன் போய்விட்டால் தொல்லையே இல்லை என்பது எங்கள் கட்சி. எங்களுக்கு இதுவரை நாற்றம் வந்ததில்லை.

ஏரிக்கரை

நெடுவழி அண்ணா, பிளாக் டேங்க் வால்வைத் திறந்தே வைக்கும் பழக்கத்தை மட்டும் புதியவர்களுக்குச் சொல்லாதீர்கள். நீர் முதலில் ஓடிவிடும், திடக்கழிவு நின்றுவிடும். குழாயின் நேர் கீழே அது குவிந்து, காய்ந்து, கூம்பாகி, கடைசியில் கழிப்பறையே அடைத்துக்கொள்ளும். தொட்டி மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்த பிறகு வால்வைத் திறந்தால்தான் நீரின் வேகம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகும். அதன்பின் கிரே டேங்கைத் திறந்தால் சோப்புத் தண்ணீர் குழாயையும் கழுவிவிடும்.

குழாய்த்தச்சர்

ஏரிக்கரை சொல்வதை நான் முழுமையாக ஏற்கிறேன். கிரே டேங்க் வால்வைப் பற்றி மட்டும் ஒரு சொல். அதைத் திறந்து வைப்பதில் திடப்பொருள் தொல்லை பெரிதாக இல்லை. ஆனால் திறந்த வால்வு என்பது முகாமின் சாக்கடைக்கும் உங்கள் தொட்டிக்கும் நடுவே திறந்த கதவு. முகாமின் வாயுவும் வடிகால் ஈக்களும் அந்த வழியாக மேலே வரும். திறந்துதான் வைக்க வேண்டும் என்றால், வால்வுக்கும் தரைத் துளைக்கும் இடையில் குழாயை ஓரிடத்தில் தாழ்த்தி, அதன்பின் உயர்த்தி, மீண்டும் இறக்குங்கள். அந்தத் தாழ்வில் நிற்கும் தண்ணீர் ஒரு ட்ராப்பாக வேலை செய்யும். நெடுவழி அவர்களின் வண்டியில் நாற்றம் வராததற்குக் காரணம் திறந்த வால்வு அன்று. உள்ளே அவருடைய ட்ராப்கள் எல்லாம் நல்ல நிலையில் இருப்பதுதான்.

வேதிப்பித்தன் (நெவாடா)

தச்சர் ஐயாவின் கருத்தில் எனக்கு ஓரளவு மாறுபாடு உண்டு. வழியை அடைப்பது முதன்மை என்பது சரி. ஆனால் மருந்து வீண் என்று பொதுவாகச் சொல்லிவிட்டால், நாற்றம் எப்படி உண்டாகிறது என்பதைக் கவனிக்காமல் விட்டதாகிவிடும். உயிர்வளி தீர்ந்துபோன கழிவில், சல்பேட்டைக் கொண்டு மூச்சுவிடும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்குகின்றன. ஃபீனிக்ஸுக்கு வரும் தண்ணீரில் கணிசமான பங்கு கொலராடோ ஆற்றினது. அதில் சல்பேட்டு இயல்பாகவே மிகுதி. வெப்பம் ஏற ஏற அந்தப் பாக்டீரியாக்களின் வேகமும் ஏறும். வாயுவும் நீரில் கரைந்து நிற்காமல் வெளியேறும். குளிர்காலத்தில் அவருக்கு ஒன்றும் தெரியாமல் மே மாதத்தில் தொடங்கியதற்கு இது முக்கியமான காரணம். ஓட்டைகள் குளிர்காலத்திலும் இருந்திருக்கும். அவற்றின் வழியாக வருவதற்குத்தான் ஒன்றும் இருந்திருக்காது.

நைட்ரேட்டு கலந்த தூள்கள் இந்த இடத்தில் உண்மையாகவே பயன்படும். நைட்ரேட்டு இருக்கும்வரை வேறு வகைப் பாக்டீரியாக்கள் முந்திக்கொள்ளும். சல்ஃபைடு உண்டாவது குறையும். நகரச் சாக்கடைகளின் நாற்றத்தைக் கட்டுப்படுத்தவும் கால்சியம் நைட்ரேட்டைத்தான் விடுகிறார்கள். நொதிகள் காகிதத்தைக் கரைக்க உதவும். ஆனால் கொளுத்தும் வெயிலில் நாற்றத்தை அவை மட்டுமே அடக்கிவிடும் என்று நம்பவேண்டாம்.

கூடாதவை இரண்டைச் சொல்லிவிடுகிறேன். ஃபார்மால்டிஹைடு உள்ள பழைய நீல மருந்துகள் பாக்டீரியாவையே கொன்றுவிடும். அது போய்ச்சேரும் கிராமத்து முகாமின் செப்டிக் தொட்டியும் அத்துடன் செத்துவிடும். கலிஃபோர்னியாவில் இந்தப் பயன்பாட்டுக்கு அதை விற்கவே தடை உண்டு. அடுத்தது பிளீச். சிறுநீரின் அம்மோனியாவுடன் அது சேர்ந்தால் குளோரமைன் வாயு வரும். சிறிய கழிப்பறைக்குள் குனிந்துகொண்டு அதை மூச்சில் இழுக்க வேண்டாம். இணையத்தில் பலர் புகழும் சலவைத்தூள், நீர் மென்மையாக்கி, பிளீச் கலவையிலும் கடைசிப் பொருளை விட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பாலைவெயில்

உங்கள் அனைவருக்கும் எவ்வாறு நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அதிகாலையில், வெயிலுக்கு முன்பாகவே எழுந்து வேலை செய்தோம். கழிப்பறை வளையத்தில் தச்சர் ஐயா சொன்னபடியே வெள்ளைப் படிவு கட்டியிருந்தது; துடைத்தும் தண்ணீர் நிற்காததால் புது வளையம் வாங்கிப் போட்டேன். இப்போது கிண்ணத்தில் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. கழுவுதொட்டிக்குக் கீழே இருந்த வால்வைக் கழற்றி ஊதிப் பார்த்தேன். காற்று இருபுறமும் தாராளமாகப் போயிற்று. அதையும் மாற்றியாயிற்று. சமையலறையிலும் கழிப்பறையிலும் நாற்றம் நின்றுவிட்டது. படுக்கையறையில் மட்டும் அப்படியே இருக்கிறது. அங்கே கழுவுதொட்டியும் இல்லை, குழாயும் இல்லை. துணி அலமாரி மட்டுமே இருக்கிறது. என் மனைவி அந்த அலமாரியில் துணி வைக்கவே மறுத்துவிட்டாள்.

ஏரிக்கரை

உங்கள் வண்டியில் சலவை இயந்திரம் வைப்பதற்கான ஏற்பாடு உண்டா? பல ஃபிஃப்த் வீல்களில் படுக்கையறை அலமாரிக்குள் அதற்கான தண்ணீர் இணைப்பும் வடிகாலும் முன்கூட்டியே போட்டிருப்பார்கள். இயந்திரம் வாங்காதவர்கள் அங்கே அப்படி ஒன்று இருப்பதையே அறியாமல் துணிகளை அதன் முன்னால் அடுக்கிவிடுவார்கள். அந்த வடிகாலின் ட்ராப்பில் யாரும் தண்ணீர் விடுவதில்லை என்பதால் அது காய்ந்து கிடக்கும்.

பாலைவெயில்

சகோதரி, அலமாரியின் பின்பலகையில் ஒரு சிறிய கதவு இருந்தது. பழைய உரிமையாளர் அதன்மேல் ஓர் அலங்காரத் தாளை ஒட்டி வைத்திருந்ததால் இத்தனை நாள் தெரியவில்லை. கதவைத் திறந்தவுடன் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. நாங்கள் இருவரும் பின்னால் நகர்ந்தோம். உள்ளே மூடியில்லாத குழாய் ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன்; மாலைக்குள் நாற்றம் நின்றுவிட்டது. ஆனால் இந்த வெயிலில் அந்தத் தண்ணீர் எத்தனை நாளைக்கு நிற்கும் என்பதே இப்போதைய கவலை.

குழாய்த்தச்சர்

ஏரிக்கரைக்கு என் வணக்கம். அது எனக்குத் தோன்றவில்லை. சலவை இயந்திரம் வாங்கும் எண்ணம் இல்லையென்றால், அந்தக் குழாயின் வாயில் இறுகிப் பொருந்தும் ரப்பர் மூடி ஒன்றை வாங்கிச் செருகிவிடுங்கள். அதன்பின் தண்ணீரைப் பற்றிக் கவலையில்லை. பிற்காலத்தில் வாங்குவதாக இருந்தால் தண்ணீரின் மேல் இரண்டு கரண்டி மினரல் எண்ணெயை விடுங்கள். மேலே படலமாக மிதந்து ஆவியாவதைத் தடுக்கும். வண்டியை நிறுத்தி வைக்கும் மாதங்களில் எல்லா ட்ராப்களிலும் இளஞ்சிவப்பு நிற ஆர்.வி. ஆன்டிஃபிரீஸை, அதாவது இவ்வகை வண்டிகளுக்கான உறைதடுப்பு நீர்மத்தை, ஊற்றி வைப்பது இன்னும் நல்லது. அது புரொப்பிலீன் கிளைக்கால். தண்ணீரைப்போல் விரைவில் காயாது, உறைந்து குழாயை வெடிக்கவும் செய்யாது.

குளியலின் அடியில் உள்ள ட்ராப் வண்டி ஆடும்போது வழிந்து காலியாவது வேறொரு தொல்லை. அங்கே ஹெப்வோ என்ற நீரில்லா வால்வைப் பொருத்துகிறார்கள். நேராகப் படுத்திருக்கும் குழாய்க்குள் ஒரு சிலிக்கோன் சவ்வு. தண்ணீர் வந்தால் விரியும், நின்றால் ஒட்டிக்கொள்ளும். அம்புக்குறி தொட்டியின் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

மலைப்பாதை (கொலராடோ)

இடையில் வந்து கேட்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வண்டியிலும் முட்டை நாற்றம்தான். ஆனால் வெந்நீரைத் திறக்கும்போது மட்டும் வருகிறது. குளிர்ந்த நீரில் இல்லை. இதுவும் ட்ராப்தானா?

வேதிப்பித்தன்

இல்லை. உங்கள் நாற்றம் கழிவுத் தொட்டியிலிருந்து வரவில்லை. வெந்நீர்க் கலனுக்குள்ளேயே உண்டாகிறது. சபர்பன் நிறுவனத்தின் கலன்கள் எஃகால் ஆனவை. துருவைத் தடுக்க உள்ளே ஒரு மக்னீசியக் கம்பி இருக்கும். அந்தக் கம்பி கரையும்போது அதே சல்பேட்டுப் பாக்டீரியாக்களுக்கு அது வாய்ப்பாகிவிடுகிறது. சூடேற்றியை அணைத்து, நீர் நன்றாகக் குளிர்ந்த பிறகு அழுத்தத்தை வெளிவிட்டு, கம்பியைக் கழற்றிக் கலனை அலசுங்கள். பின்னர் நல்ல தண்ணீர்த் தொட்டியின் ஒவ்வொரு 15 கேலனுக்கும் கால் கோப்பை மணமில்லாத பிளீச் என்ற கணக்கில் கலந்து, அந்த நீர் வெந்நீர்க் கலனையும் எல்லாக் குழாய்களையும் அடையும்படி திறந்துவிட்டுச் சில மணி நேரம் ஊறவிட்டு, மணம் போகும்வரை அலசிவிடுங்கள். மீண்டும் வந்தால் மக்னீசியத்துக்குப் பதிலாக அலுமினியமும் துத்தநாகமும் கலந்த கம்பியைப் போடலாம். அட்வுட் கலன் என்றால் அது அலுமினியம். அதில் கம்பி இருக்காது, ஊறவைப்பது மட்டுமே போதும்.

பாலைவெயில்

மீண்டும் ஒரு செய்தி. ரப்பர் மூடி போட்ட பிறகு ஃபீனிக்ஸில் வண்டி நின்றிருக்கும்போது எந்த நாற்றமும் இல்லை. விசிறி போட்டாலும் இல்லை. ஆனால் ஃபிளாக்ஸ்டாஃப் ஏறி இறங்கிய பிறகு குளியலறையில் கொஞ்சம் தெரிந்தது. முன்பு இருந்ததோடு ஒப்பிட்டால் மிகக் குறைவுதான். ஏறும்போது மட்டும் ஏன்?

வேதிப்பித்தன்

ஃபீனிக்ஸ் ஏறத்தாழ 1,100 அடி உயரத்தில் இருக்கிறது. ஃபிளாக்ஸ்டாஃப் 6,900 அடி. நீங்கள் ஏறி முடிப்பதற்குள் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். தொட்டிக்குள் இருக்கும் வாயு அதற்கேற்ப விரிந்து வெளியேற வேண்டும். கூரைக் குழாய் தாராளமாகத் திறந்திருந்தால் அது மேலே போய்விடும். அடைபட்டிருந்தால், ஆட்டத்தில் ஏற்கெனவே பாதி வழிந்துபோன குளியல் ட்ராப்பைக் குமிழியிட்டுக்கொண்டு உள்ளே வரும்.

குழாய்த்தச்சர்

ஆகவே இனிக் கூரைக்கு ஏறித்தான் ஆகவேண்டும்; விடியற்காலையில் ஏறுங்கள். மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். குளவிக் கூடு இருந்தால் எடுத்துவிட்டுத் தோட்டக் குழாயால் தண்ணீர் விடுங்கள். அதோடு, குழாயின் வாய் கூரைக்கு மேல் நிற்கிறதா என்பதையும் கவனியுங்கள். சில வண்டிகளில் குழாய் கூரைப் பலகைக்குக் கீழேயே நின்றுவிடும். மேலே இருப்பது வெறும் மூடி. அப்போது வாயு உட்கூரைக்குள் பரவி விளக்குத் துளைகள் வழியாக இறங்கும்.

எல்லாம் பார்த்தும் ஐயம் தீராவிட்டால், பழைய குழாய்க்காரர்களின் புதினா எண்ணெய்ச் சோதனை இருக்கிறது. ஒருவர் கூரையிலிருந்து குழாய்க்குள் சிறிது புதினா எண்ணெயும் பின்னால் வெந்நீரும் விடவேண்டும். வண்டிக்குள் இருப்பவர் எங்கே புதினா மணக்கிறது என்று தேடவேண்டும். எண்ணெயைத் தொட்டவர் உள்ளே வரவே கூடாது. வந்தால் எல்லா இடமும் மணக்கும்.

பாலைவெயில்

குளவிக் கூடுதான், ஐயா. கிரே டேங்கின் குழாயை முக்கால்வாசி அடைத்திருந்தது. குழாய் கூரைக்கு மேல் சரியாகவே நிற்கிறது. கூட்டை எடுத்து, மூடிக்குக் கீழே குளவி நுழையாதபடி துருப்பிடிக்காத கம்பிவலை ஒன்றை வைத்திருக்கிறேன். புதினா எண்ணெய் தேவைப்படவில்லை.

குழாய்த்தச்சர்

வலையின் கண் மிகவும் நுண்ணியதாக இருந்தால் தூசியும் சிலந்தி நூலும் சேர்ந்து அதுவே அடைப்பாகிவிடும். எட்டில் ஒரு அங்குலக் கண் போதும். ஆண்டுக்கு ஒருமுறை, கூரை இணைப்புகளின் பசையைப் பார்க்க ஏறும்போது அதையும் துடைத்துவிடுங்கள்.